ஆறரை பவர்

"மாமா, இந்தக் கண்ணாடிய எனக்கு அளந்து காட்டுங்க."

சில்வண்டின் கண்ணாடியைக் கவுன்ட்டர் மேல் வைத்தேன். பின்னந்தலையைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் பட்டையோடு அது பொம்மைக்கு வாங்கிய சாமான் மாதிரி கிடந்தது. சில்வண்டு என் இடுப்பில் இருந்தாள். பதினாலு மாதம். பசித்தால் மெல்லிசாக 'ஙீ' என்று இழுப்பாள், அதனால் அந்தப் பெயர். கண்ணாடி இல்லாத முகத்தில் இடது கண் மூக்கை நோக்கி ஒதுங்கியிருந்தது.

மாமனார் ஒரு பஸ் கண்டக்டரின் மூக்குப்பிடியை வளைத்துக்கொண்டிருந்தார். கை நின்றுவிட்டது. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷினும் நின்றது. அங்கே என் வீட்டுக்காரர்.

இந்த வீட்டுக்கு நான் வந்த முதல் வாரத்திலேயே அவர் சொல்லிவைத்திருந்தார். "நீ பிரேம் எடுத்துக் குடு, சீட்டு எழுது, கஸ்டமர்கிட்ட அரட்டை அடி, என்ன வேணா பண்ணு. அப்பாகிட்ட மட்டும் அளந்து காட்டுங்கன்னு கேட்டுடாத. வெளியாள் கேட்டா சிரிச்சுக்கிட்டே காட்டுவாரு. வீட்டாளு கேட்டா, கடையவே நம்பலன்னு அர்த்தம்."

அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் பக்கம் பட்டம் என்று ஒன்றை வாங்கியது நான்தான் முதல். அப்பா மூட்டை தூக்கினார், அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதே என்று மூன்று வருடம் வகுப்பில் என் மண்டையில் ஏற்றினார்கள். கடைசியில் அளவே பிழைப்பாக இருக்கிற ஒரு வீட்டில், அளந்து காட்டு என்று கேட்கக் கூடாதவளாக வந்து சேர்ந்தேன்.

"என்னம்மா இது? கஸ்டமர் நிக்கிறாரு."

"நிக்கட்டும் மாமா. அவரும் பாக்கட்டும்."

கண்டக்டர் முகம் பார்க்கும் கண்ணாடிக்குள் ஒளிந்துகொள்ள முடியுமா என்று பார்ப்பவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சில்வண்டுக்குப் பத்து மாதம் இருக்கும்போதுதான் கவனித்தேன். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் இடது கண் உள்ளே ஓடும். வேடிக்கை பார்க்கும்போது நேராக வந்துவிடும். "குழந்தைங்கன்னா அப்படித்தான், ஒரு வயசுல சரியாயிடும்" என்றார் மாமனார். வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு யாரிடமும் கேட்காமல் கண்ணாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

அங்கே சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும் வரை உட்கார வைத்து, ஒரு அக்கா பரிசோதித்தார். கண் பரிசோதனை செய்கிறவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், குழந்தைகளைத் திரும்பிப் பார்க்க வைக்க. கையில் ஒரு விளக்கை ஆட்டிக்கொண்டு, லென்ஸை மாற்றி மாற்றி சில்வண்டின் கண் முன்னால் பிடித்தார். எழுதினார். ரெண்டு கண்ணுக்கும் பிளஸ் ஆறரை.

"பொறக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் கொஞ்சம் தூரப்பார்வை இருக்கும்மா. வளர வளர குறைஞ்சிடும். அதுக்கெல்லாம் நாங்க கண்ணாடி எழுதறதில்ல. உங்க பாப்பாவுக்கு இருக்கறது அந்தக் கொஞ்சம் இல்ல."

"ஆபரேஷன் பண்ணினா சரியாகுமாக்கா?"

"இதுக்கு இந்த வயசுல ஆபரேஷன் கிடையாது. லேசர்லாம் கண்ணு வளந்து முடிஞ்ச பெரியவங்களுக்கு."

"கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ்?"

"வைக்கலாம். தினம் காலைல போட்டு, ராத்திரி எடுத்து, கழுவி, கிருமி தொத்தாம பாத்துக்கணும். தேவைப்பட்ட குழந்தைங்களுக்குச் செய்றோம். உங்க பாப்பாவுக்கு முதல்ல கண்ணாடி போதும். ஆனா முழு பவர், முழிச்சிருக்கற நேரம் பூரா. இவ கிட்ட இருக்கறதப் பாக்கறதுக்கு கண்ணப் போட்டு இறுக்கறா. அந்த இறுக்கத்துலதான் அது உள்ள ஓடுது. கண்ணாடி அந்த வேலைய வாங்கிக்கும். இல்லன்னா மூளை அந்தக் கண்ண ஒதுக்கிடும். அப்புறம் கண்ணு நல்லாத்தான் இருக்கும், பார்வை இருக்காது. ஏழெட்டு வயசுக்கு மேல அதத் திருப்பறது ரொம்பக் கஷ்டம்."

இதையெல்லாம் வீட்டில் வந்து வரி விடாமல் சொன்னேன். ஆர்டர் சீட்டை நானே எழுதினேன். வலது பிளஸ் ஆறரை, இடது பிளஸ் ஆறரை. மாமனார் சீட்டை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சோடாபுட்டி" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நாலாம் நாள் கண்ணாடி வந்தது. நீலப் பிரேம். மெல்லிசு லென்ஸ். அதைப் போட்டதும் சில்வண்டு குட்டி டீச்சர் மாதிரி இருந்தாள். கடைக்கு வந்த எல்லோரும் "டீச்சரம்மா, வருகைப் பதிவு எடுத்தாச்சா?" என்று கொஞ்சினார்கள்.

எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான் சொன்னதாகும். ஆறரை பவர் லென்ஸ் நடுவில் எவ்வளவு தடிக்கும், அதற்குப் பின்னால் கண் எவ்வளவு பெரிசாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். பாடத்தில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன். குழந்தை அழகாக இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக அதை நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம். கடைக்கு மேலேயே வீடு. காலையில் இரண்டு ஆண்களும் கீழே இறங்கிவிடுவார்கள். நானும் சில்வண்டும் மட்டும். அவள் கண்ணாடியைப் பிடுங்குவாள், நான் மாட்டுவேன். பிடுங்கி எறிவாள், கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டுவேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், மதியத்துக்குள் ஐம்பத்து மூன்று தடவை. கீழிருந்து கஸ்டமர்களின் சிரிப்பு படியேறி வரும். எனக்கு வந்ததெல்லாம் மூன்று கேள்விகள்தான். கண்ணாடி போட்டியா? கழட்டிட்டாளா? எங்க வச்ச? வீட்டுக்காரர் சாப்பிட வரும்போது கேட்பார், கை கழுவும்போது கேட்பார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டுப் பல வாரம் ஆகியிருந்தது.

அம்மாவுக்கு போன் போட்டால், "கண்ணாடிக் கடையிலயே உன்னக் குடுத்திருக்கோம். அவங்களுக்குத் தெரியாதது உனக்கு என்னத்தத் தெரிஞ்சிடப் போகுது? நாலெழுத்து படிச்சிட்டா எல்லாத்துலயும் மூக்க நுழைக்கறது" என்பாள். "பாப்பா கண்ணு இன்னும் உள்ள ஓடுதும்மா" என்றால், "சாப்ட்டியா?" என்பாள். அம்மாவுக்கு வேறு ஆறுதல் தெரியாது. போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சில்வண்டு கண்ணாடியைக் கழற்றி என் மடியில் போடுவாள், ஏதோ எனக்கு வேண்டும் என்று கொடுப்பவள் போல.

ஆறு வாரத்தில் முதல் மறுபரிசோதனை. அன்றைக்கு வீட்டுக்காரரும் வந்தார். விசில் அக்கா சில்வண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"முன்னேத்தமே இல்லையேம்மா. ஒழுங்காப் போட்டு விடறீங்களா?"

"முழு நேரமும் போடறேன்க்கா."

"எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்றாங்க. குழந்தை அழுதா கழட்டி வச்சிடறாங்க. பாவம் பாக்காதீங்க."

நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். 'இல்லீங்க, இவ போட்டுத்தான் விடறா' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவர் சுவரில் இருந்த கண் படத்தை முதல் தடவை பார்ப்பவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் பேசவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

இரண்டாவது பரிசோதனை முந்தாநாள். கடைக்குச் சரக்கு வந்திருக்கிறது என்று அவர் வரவில்லை. தனியாகப் போனேன். விசில் அக்கா இந்த முறை என்னைத் திட்டவில்லை. சில்வண்டின் கண்ணாடியைக் கழற்றி, எழுந்து போய், பவர் பார்க்கும் மெஷினில் வைத்தார். சக்கரத்தைத் திருப்பினார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"இது உங்க கடைல போட்டதுதானே?"

"ஆமாக்கா."

"நான் எழுதினது ஆறரை. இதுல மூணுதான் இருக்கு."

மாறி வந்திருக்கும், வேறு யாருடையதோ என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"ரெண்டு கண்ணுலயும் சரியா மூணு. மாறிப் போனா இப்படி வராது. போன தடவையே நான் அளந்திருக்கணும். எல்லாக் குழந்தைக்கும் அளப்பேன். கண்ணாடிக் கடைக்காரங்க வீட்டுக் குழந்தையாச்சே, இவங்ககிட்ட என்ன தப்பு வரப்போகுதுன்னு விட்டுட்டேன். என் தப்புதாம்மா. உங்களத் திட்டினது அதவிடப் பெரிய தப்பு."

மூன்று மாதத்தில் என்னிடம் தன் தப்பு என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அழுகை வந்தது. அதைச் சில்வண்டின் தலையில் வைத்து அழுத்திக்கொண்டேன். இடது கண் பின்தங்கிவிட்டது, இனி தினமும் இரண்டு மணி நேரம் வலது கண்ணை ஒட்டி மூடி இடது கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் சரியான கண்ணாடி வேண்டும், உடனே வேண்டும் என்றார். புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். "இடது கண்ணு பின்தங்கிடுச்சாம். மூடி வைக்கணுமாம்." அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஏன் பின்தங்கியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத் தெரியாது என்று நினைத்திருப்பேன். நேற்று காலையும் பொறுத்துப் பார்த்தேன். மதியம் கிளம்பிப் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தேன். இன்று கடைக்கு இறங்கி வந்தேன்.

"அளக்க என்ன இருக்கு?" என்றார் மாமனார். குரலைத் தாழ்த்தியிருந்தார். "நான் பாத்துப் போட்டதுதானே."

"அதான் கேக்கறேன். எத்தன பவர் போட்டீங்க?"

"மேல போம்மா. அப்புறம் பேசலாம்."

நான் கவுன்ட்டரைச் சுற்றி உள்ளே போனேன். மூலையில் இருக்கும் மெஷின் முன்னால் ஒரு ஸ்டூல். அது அவருடையது. வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தேன். சில்வண்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை மெஷினில் பொருத்தி, சக்கரத்தை ஆறரையில் நிறுத்தி, குழாயில் கண்ணை வைத்தேன். பச்சைக் கோடுகள் எல்லாம் கரைந்து ஒரே மங்கலாகக் கிடந்தன. இந்த மங்கலுக்குள்தான் என் குழந்தை மூன்று மாதமாகக் கரண்டியைத் தேடினாள், என் முகத்தைத் தேடினாள் என்று தோன்றியது. சக்கரத்தை மெதுவாகக் கீழே இறக்கினேன். ஐந்து. நாலு. மூன்றுக்கு வந்தபோது கோடுகள் கம்பி மாதிரி நின்றன.

"மூணு" என்று உரக்கச் சொன்னேன். "நான் எழுதின சீட்டுல ஆறரை. கண்ணாடில மூணு."

மாமனார் மூக்குப்பிடியைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். கோபத்தை விட மோசமான ஒன்று வந்தது. கொஞ்சம் பெருமை.

"ஆமா. மூணுதான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன். முதல் தடவ கண்ணாடி போடறவங்களுக்கு எடுத்தவுடனே முழு பவரக் குடுத்தா தலை சுத்தும், தூக்கிப் போட்டுடுவாங்க. பாதியில ஆரம்பிச்சு ஏத்தணும். இது தொழில் தெரிஞ்சவன் செய்றது. இவரையே கேளு."

கண்டக்டர் திடுக்கிட்டார். "எனக்கு... எனக்கும் அப்படித்தான் போட்டாரும்மா. நல்லாத்தான் இருக்கு."

"உங்களுக்கு நாப்பத்தஞ்சு வயசுல டிக்கெட்ல எழுத்து தெரியல. வந்து சொன்னீங்க. இவளால வந்து சொல்ல முடியுமா? தலைவலிக்குது, தெரியலன்னு சொல்ல இவளுக்கு வாய் இருக்கா? நீங்க பாக்கக் கத்துக்கிட்டு எத்தன வருஷமாச்சு! இவ இப்பத்தான் கத்துக்கறா. பாதி பாடத்த மறைச்சிட்டு, ஏன்டி பெயிலானேன்னு கேப்பீங்களா?"

"ஆறு மாசத்துல ஏத்தியிருப்பேன்" என்றார் மாமனார்.

"அந்த ஆறு மாசம் இவ கண்ணுகிட்ட இல்ல மாமா."

"அது சரி, ஆறரையப் போட்டா கண்ணு எப்படித் தெரியும்னு உனக்குத் தெரியுமா? தவளை மாதிரி. பொம்பளப் புள்ள. நம்ம கடை வாசல்ல உக்காந்திருக்கும். பாக்கறவன் என்ன சொல்லுவான்? கண்ணாடி விக்கறவன் வீட்லயே சோடாபுட்டின்னுதானே? அவ என் பேத்தி. எனக்கு ஆசை இல்லையா?"

அவர் கண் கலங்கியிருந்தது. பொய் இல்லை. அவருக்கு அவள்மேல் உயிர். சில்வண்டு என் மடியிலிருந்து அவரைப் பார்த்துக் கையை நீட்டி, அவர் இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தாள்.

பின்னறை வாசலில் வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார். கையெல்லாம் லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள். எனக்கு அவரிடம் கேட்க ஒன்று இருந்தது. பதிலும் தெரியும். இருந்தாலும் கேட்டேன்.

"அந்த லென்ஸத் தேச்சது யாரு?"

அவர் கையிலிருந்த தூளைச் சட்டையில் துடைத்தார்.

"நீதானே தேச்ச?" மூன்று வருடமாகச் சொல்லி வந்த நீங்க, வாங்க எல்லாம் எங்கேயோ போய்விட்டிருந்தது. "உன் கையால தேச்சு, உன் கையால பிரேம்ல மாட்டின. மூணுன்னு கவர்லயே எழுதியிருக்கும். தெரியும் உனக்கு."

"அப்பா சொன்னாரு. கொஞ்ச நாள் பாப்போம்னு..."

"ஆஸ்பத்திரில அந்தக்கா என்னைக் கேட்டப்ப நீ பக்கத்துல நின்ன. தினம் மூணு வேள போட்டியா, கழட்டிட்டாளான்னு என்னக் கேட்ட. நாள் பூரா போட்டாலும் பாதி பவர்தான்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்ட."

"கத்தாத. கஸ்டமர் இருக்காரு. மேல போய்ப் பேசிக்கலாம்."

"மேல நான் தனியாப் பேசிப் பேசி அலுத்துப்போச்சு."

எழுந்தேன். ஸ்டூல் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. சில்வண்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். நீலக் கண்ணாடியை மெஷினிலேயே விட்டுவிட்டேன்.

"சரிம்மா" என்றார் மாமனார். "ஆயிடுச்சு. இப்ப என்ன, ஆறரைதானே? லென்ஸ் வரவழைக்கிறேன். நாலு நாள்ல நானே போட்டுத் தரேன். என் பேத்திக்கு நான் போட மாட்டேனா?"

"வேணாம் மாமா. நேத்தே ஆர்டர் குடுத்துட்டேன். கைல இருந்த லென்ஸாம், இன்னிக்குத் தரேன்னாங்க. பன்னெண்டு மணிக்கு வரச் சொன்னாங்க."

"எங்க?"

கடையின் கண்ணாடிக் கதவு வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். மூன்று பேரும் பார்த்தார்கள். எதிர்க்கடை. இருபது வருடமாக மாமனார் அந்தத் திசையில் துப்பக்கூட மாட்டார்.

"நம்ம வீட்டுக் குழந்தைக்கு எதிர்க்கடைல கண்ணாடியா?" என்றார் மாமனார். "தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அதையும் இவ தெளிவாப் பாக்கட்டும். அவங்ககிட்ட நான் கேட்ட முதல் வார்த்த அளந்து காட்டுவீங்களான்னுதான். ஒண்ணுக்கு ரெண்டு தடவ காட்டறோம்னாங்க."

வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "முடிவு பண்ணிட்டுத்தான் வந்தியா? அப்ப எதுக்கு இங்க வந்து கேட்ட?"

நல்ல கேள்வி. மூன்று மாதத்தில் அவர் என்னைக் கேட்ட முதல் உருப்படியான கேள்வி. கண்ணாடியைப் பற்றிய முடிவு நேற்றே முடிந்துவிட்டது. நீயாவது, கேட்பதற்கு முன்னால் வாயைத் திறந்து உண்மையைச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் வந்தேன். இந்த வீட்டில் நாங்கள் மூன்று பெரியவர்களும் ஒரே பக்கமா, இல்லை அவர்கள் இரண்டு பேர் ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கமா என்று தெரிந்துகொள்ள வந்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஆள் இடுப்பில் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கே நேரம் போதாது.

கதவைத் தள்ளினேன். பின்னால் கண்டக்டர் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க. என்னோடதையும் ஒரு தடவ மெஷின்ல வச்சுக் காட்டிடுங்களேன்."

வெளியே வெயில். சில்வண்டு கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். கடைக்கு மூன்று படி. பின்னால் கதவு திறக்கும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று இரண்டாவது படி வரைக்கும் நினைத்தேன். மூன்றாவது படியில் நின்று, வண்டி ஏதும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரோட்டில் இறங்கினேன்.